பங்கு பிரித்துப் போட்ட அலைக்கல்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வருஷத்தில் பாதி நாள் கண்மாயே காய்ந்து கிடக்கிற சீமை இது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழிப் பக்கம் போகிறவர் ஜன்னல் வழியே பார்த்தால் கரிசலும் பருத்தியும் கம்பும் உடைமரமும்தான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில், கடலலையைத் தடுக்கிற வித்தையைக் கொண்டுவந்து ஒரு கண்மாய்க்குள் இறக்கினார்கள். இறக்கியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர்கள். அவர்கள் செய்த காரியத்தின் லட்சணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் அக்காவின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஒரு தொந்தரவு வேண்டாம்.

அறுபதுகளின் கடைசியில் நான் அருப்புக்கோட்டையில் லாரி டிரைவராக இருந்தேன். ஒரு வருஷம் முழுக்க ஒரே வேலை. பாறையை வெட்டி எடுக்கிற கல்கிடங்கில் உடைத்த கருங்கல்லை ஏற்றிக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போய்க் கொட்டிவிட்டு வரவேண்டும். அங்கே ஓர் உப்பு வியாபாரிக்குக் கடலோரத்தில் மூட்டை அடுக்குகிற பெரிய கிட்டங்கி இருந்தது. கடல் வருஷா வருஷம் கரையை அரித்து அரித்து, கிட்டங்கிச் சுவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த ஆள் முதலில் கரையிலேயே சுவர் கட்டிப் பார்த்தார். கடல் சுவரின் அடிமணலை உருவிக்கொண்டு சுவரைக் குப்புறத் தள்ளிவிட்டது. பிறகு யாரோ சொன்ன யோசனைதான், கல்லைக் கரையில் போடாமல் கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் போடுவது.

நாங்கள் மணலில் கொட்டிய கல்லை வியாபாரியின் ஆட்கள் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், கரைக்கு எதிரே, கரையைத் தொடாமல் ஒரு வரிசையாகக் கடலில் தள்ளினார்கள். முதலில் பார்த்தபோது, காசு கொழுத்தவன் கடலில் கல்லைக் கொட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் கல் தண்ணீருக்கு மேலே தலைகாட்டியதும் காரியம் புரிந்தது. அலை கரை வரைக்கும் வராமல் கல்லிலேயே மோதி உடைந்தது. உடைந்த அலை கரைக்கு வரும்போது அதில் வலு இல்லை. கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. அமைதியான தண்ணீரில் மணல் படிந்தது. சில மாதத்தில் கிட்டங்கிக்கு முன்னால் கரை வளர்ந்து கல்லை நோக்கி நீண்டுவிட்டது.

கல்லைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது போட்ட இடத்தில் கிடந்து சொன்ன வேலையைச் செய்தது. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் கல்லைக் கொட்டிவிட்டு லாரியைத் திருப்பும்போது, மீன்கூடையோடு ஒரு பெண்பிள்ளை வந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஒங்க ஊருல கல்லு மிச்சமாக் கெடந்தா ஒங்க தலையில போட்டுக்கிட வேண்டியதுதான? அவன் கிட்டங்கி முன்னால மணலு மேடா வளருது. எங்க வள்ளத்த ஏத்திப் போடுத எடத்தக் கடலு தின்னுட்டுப் போவுது. அது எங்க மணலுல்லா!"

"நான் கூலிக்கு ஓட்டுறவன் தாயி" என்றேன்.

"நல்லா ஓட்டு" என்று சொல்லி மண்ணில் துப்பிவிட்டுப் போனாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கல் வரிசை முடிகிற இடத்துக்கு அப்பால், அவர்களுடைய குடிசைகளுக்கு முன்னால், கரை வெட்டி எடுத்தது மாதிரி உள்வாங்கியிருந்தது. பனைகள் வேரோடு தண்ணீரில் கிடந்தன. கல் வரிசையின் ஓரத்தில் அலை வளைந்து திரும்பி, அந்தப் பக்கத்துக் கரையைக் கடித்துக்கொண்டிருந்தது. வியாபாரியின் காதுக்கு இது போகாமல் இல்லை. "என் எடத்துக்கு நான் கல்லு போட்டேன். அவுக எடத்துக்கு அவுக போட்டுக்கிறட்டும்" என்று சொன்னாராம். மீன்கூடை சுமக்கிறவர்கள் கருங்கல் வாங்கிக் கடலில் போடவேண்டுமாம்.

அந்தக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், எங்கள் ஊர் மளிகைக்கடை மொதலாளியின் மருமகன். லோடு வந்து இறங்கியதும் வராந்தாவில் உட்கார்ந்தபடியே சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அங்கே இருந்த காலத்தில் அவர் கால் உப்புத் தண்ணீரில் நனைந்து நான் பார்த்ததில்லை. வராந்தாவிலிருந்து பார்த்தால் கிட்டங்கிக்கு முன்னால் வளர்ந்த மணல்தான் தெரியும். மீன்காரர்களின் கரை தெரியாது. அவர் கற்றுக்கொண்ட கடல் சாஸ்திரம் மொத்தமும் அந்த வராந்தாவுக்குள் அடங்கியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமனார் கடையைக் கவனித்துக்கொள்ள அவர் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்குச் சனி பிடித்தது.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்மாயின் தெற்குக் கரை நீளமானது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிறைந்து வாடைக்காற்றும் அடித்தால், அலை நேராக வந்து அந்தக் கரையில்தான் மோதும். மண்கரைதானே. அடியை அரித்தால் மேலே சரியும். இதற்காக ஊரில் பாட்டன் காலத்து வழக்கம் ஒன்று இருந்தது. சொத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரி கரையைப் பங்கு பிரித்திருந்தார்கள். மேற்கே மொதலாளி வீட்டுப் பங்கு. அடுத்தது கோயில் பங்கு. அதற்கடுத்தது சொந்த நிலத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் பங்கு. கிழக்குக் கோடி, ஊருக்கு வெளியே தள்ளி இருந்த எங்கள் குடியிருப்பின் பங்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எல்லைக்கல் நட்டிருக்கும். அவரவர் பங்கில் அவரவர் உடைமுள் வெட்டிப் போட்டு, பனைமட்டை சொருகி, மண் அணைத்துக் காப்பாற்ற வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் எல்லாப் பங்கிலும் முள் வெட்டியதும் மட்டை சொருகியதும் மண் சுமந்ததும் எங்கள் ஆட்கள்தான். மற்றவர் பங்கில் செய்தால் அது கூலி வேலை. எங்கள் பங்கை, கூலி வேலை முடிந்து மிச்சம் இருக்கிற பொழுதில் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சப் பொழுது என்று ஒன்று இருந்தால்தானே.

எங்கள் பங்குக்கு நேர் கீழே, கரையின் அடிவாரத்தில் அக்காவின் கிணறு இருந்தது. அதை அக்காவும் அத்தானும் தோண்டினார்கள். பகலில் காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் இருட்டும் வரை அத்தான் உள்ளே வெட்ட, அக்கா மண்ணை இழுத்துக் கொட்டுவாள். எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற சவர்த்தண்ணிதான் வரும். அதில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகப் போகும். கண்மாய்த் தண்ணீர் கரைக்கு அடியில் கசிந்து வந்ததாலோ என்னவோ, அந்தக் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி தண்ணீர் வந்தது. கிணறு முடிந்த மறுவருஷம் அத்தான் காய்ச்சலில் இறந்துபோனார். அக்காவுக்கு அந்தக் கிணறுதான் அவர் விட்டுப்போன சொத்து. குடியிருப்பு மொத்தமும் அதில்தான் குடித்தது. யாரையும் அவள் தடுத்ததில்லை.

ஊர்க்காரர்கள் அதில் குடிக்கமாட்டார்கள். எங்கள் கிணற்றில் அவர்களுக்குத் தீட்டு. அவர்கள் கிணற்றை நாங்கள் தொடக்கூடாது, அதுவும் தீட்டு. நாங்கள் அறுத்துக் கட்டிச் சுமந்து வந்த கம்பு மட்டும் அவர்கள் வீட்டுக்குள் போகும்போது சுத்தமாகிவிடும். அது எந்த மந்திரத்தால் என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

மருமகன் வந்த முதல் கோடையில் சாவடியில் கூட்டம் போட்டார்கள். நான் அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் ஆட்களையும் கூப்பிட்டு, வழக்கம்போல ஓரமாக நிற்கவைத்தார்கள். மருமகன் எழுந்து பேசினார்.

"கரையில முள்ளப் போடுறது, மட்டையச் சொருகுறது எல்லாம் பழைய காலம். நான் கடல்லயே பாத்துட்டு வந்திருக்கேன். கல்லத் தண்ணிக்குள்ள தள்ளிப் போடணும். கரையத் தொடக் கூடாது. அலை அங்கயே மோதிச் செத்துரும். கரைக்கு ஒரு சேதாரமும் வராது."

கடலையே கட்டிப்போட்டவர் பேசுகிறார் என்று எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். ஆனால் இங்கே சொன்னதில் பொய் இல்லை. பாதி உண்மை இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

நான் ஓரத்திலிருந்து சொன்னேன். "நானும் அந்தக் கல்லத்தான் ஏத்திட்டுப் போனேன். கல்லு முடியிற எடத்துல அலை திரும்பிப் பக்கத்துக் கரையத் தின்னுச்சு. போட்டா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போடணும்."

மொதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடல் வேற, கம்மா வேறப்பா. வண்டி ஓட்டுறவன் வண்டிய ஓட்டு" என்றார். சாவடியே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப எங்க பங்குக்கும் சேத்துப் போட்டுருங்கய்யா. நாங்கதான கல்லச் சொமக்கப் போறோம். எங்க பங்குக்குச் சொமக்குறதுக்குக் கூலி வேணாம்" என்றாள்.

"கல்லுக்கு யாரு குடுப்பா? அவுகவுக பங்குக்கு அவுகவுக கல்லு" என்றார் மொதலாளி. "நான் வச்ச வழக்கமா இது? பாட்டன் பூட்டன் வச்ச வழக்கம்."

அலைக்குப் பாட்டன் பூட்டன் வழக்கம் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மேற்குக் கோடியில் கிளம்புகிற அலையும் கிழக்குக் கோடியில் கிளம்புகிற அலையும் ஒரே தண்ணீர் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். கரையை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையில் காய்ந்த கண்மாய்க்குள் வேலை நடந்தது. மாட்டு வண்டிகள் கல்லைக் கொண்டுவந்து இறக்கின. எங்கள் ஆட்கள் வெயிலில் சுமந்து அடுக்கினார்கள். அக்காவும் சும்மாடு கட்டிச் சுமந்தாள். கரையிலிருந்து தள்ளி, கரைக்கு இணையாக, ஆளுயரத்துக்குக் கல் வரிசை எழும்பியது. மொதலாளி பங்குக்கு நேரே, கோயில் பங்குக்கு நேரே, சம்சாரிகள் பங்குக்கு நேரே. எங்கள் எல்லைக்கல்லுக்கு நேரே வந்ததும் கத்தியால் வெட்டியது மாதிரி நின்றது.

கடைசி நாளில் வரிசையின் முனையிலிருந்து ஒரு பெரிய கல் உருண்டு எங்கள் பங்குப் பக்கம் விழுந்துவிட்டது. ஒரே ஒரு கல். மருமகன் எல்லைக்கல்லையும் அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலே, அந்தக் கல்ல இந்தப் பக்கம் கொண்டாங்கடா. அது கோயிலுக்கும் சம்சாரிகளுக்கும் பொதுவுல வாங்குனது" என்றார். எங்கள் ஆட்களே கடப்பாரை போட்டு நெம்பி அந்தக் கல்லை அந்தப் பக்கம் சேர்த்தார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். அக்கா மட்டும், "கல்லுக்கே அந்தப் பக்கம் இருக்கப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டை அவிழ்த்தாள்.

அதற்கப்புறம் மழை வந்தால்தானே. அந்த வருஷம் பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. காய்ந்த கண்மாய்க்கு நடுவில் அலையைத் தடுக்கிற கல் அலையில்லாமல் வரிசையாக நின்றது. ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. அந்த வழியாகப் போகிற பஸ்ஸிலிருந்து வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, "கம்மாக்குள்ள எதுக்குப்பா கோட்டை கட்டியிருக்காக?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் பெருமையாக விளக்கம் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் அலைக்குக் காவல் போட்டிருக்கிற பெருமை வேறு எந்த ஊருக்கும் கிடைக்காது. அந்த இரண்டு கோடையிலும் அக்காவின் கிணறு மட்டும் வற்றவில்லை. குடியிருப்பு பிழைத்துக் கிடந்தது.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்தது என்றால் விடாத மழை. நான் அருப்புக்கோட்டையில் லாரியை நிறுத்திவிட்டு, பஸ் போன மட்டும் பஸ்ஸில் போய், மிச்சத்தை நடந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே வழிந்து போய்க்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீரைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு நிறைந்த கண்மாயைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது.

பிறகு வாடை கிளம்பியது. கல் வரிசை வேலை செய்ததா என்று கேட்டால், பிரமாதமாகச் செய்தது. அலை கல்லில் மோதி வெள்ளையாக நொறுங்கியது. கல்லுக்கும் கரைக்கும் நடுவில் அண்டாவில் பிடித்து வைத்தது மாதிரி தண்ணீர் அசையாமல் கிடந்தது. மொதலாளி குடை பிடித்துக்கொண்டு தன் பங்கில் நின்று, பக்கத்து ஊர்ப் பெரியவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மருமகன் கையை நீட்டி நீட்டி விளக்கினார். அவர்கள் எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிழக்கே நாங்கள் கரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கல் முடிகிற இடத்தில் அலை சுழன்று உள்ளே திரும்பி, எங்கள் பங்கின் அடிக்கரையில் அறைந்தது. எந்த வருஷமும் அப்படி அறைந்ததில்லை. போட்ட முள்ளை அலை பிடுங்கிக்கொண்டு போனது. சொருகிய மட்டை மிதந்து போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை துண்டு துண்டாக உட்கார்ந்தது. சாக்கில் மண் கட்டிப் போட்டால்தான் தாக்குப்பிடிக்கும் என்ற நிலைமை வந்தது. எங்கள் குடியிருப்பில் சாக்குக்கு எங்கே போவது? மொதலாளி கடையில் அடுக்கடுக்காகக் கிடந்தது.

அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கரை மேலேயே மொதலாளியிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, கரை உக்காருது. சாக்கு இருந்தாக் குடுங்க. நாலு கல்லாவது எடுத்துக்கிறோம்."

"வரிசையில கல்ல எடுத்தா இங்க ஓட்டை விழுந்துராதா?" என்றார் மருமகன்.

"எங்களுக்கு ஓட்டை விழுந்தா தண்ணி எங்க வழியா மட்டுமா போகும்? கம்மா ஒண்ணுதானய்யா" என்றாள் அக்கா.

மொதலாளி குடையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் இப்படி ஒருத்தி வந்து கேட்கிறாளே என்ற எரிச்சல் முகத்தில் தெரிந்தது. "ஒங்க பங்க ஒழுங்காப் பாக்காம இங்க வந்து என்ன பேச்சு? போ, போயி ஆளுகளக் கூட்டி மண்ணப் போடு" என்றார்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்போது அவருடைய பங்கில்தான் கூலிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அலையே வராத கரைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதிப் பேரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார்கள். போனால் கூலி கிடையாது என்று மருமகன் சத்தம் போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மழையில் நடந்தவற்றில் நினைத்துச் சந்தோஷப்படுகிற விஷயம் இது ஒன்றுதான்.

மறுநாள் விடியும் வரை கரை தாங்கியது. விடிந்த கொஞ்ச நேரத்தில் கரையின் வெளிப்பக்கம் கலங்கல் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. இனி நிற்காது என்று தெரிந்துவிட்டது. பிள்ளைகளையும் கிழடுகளையும் ஆடுமாடுகளையும் மேட்டில் ஏற்றிவிட்டோம். அக்கா கடைசியாக வந்தாள். வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கிணற்று வாளியையும் கயிற்றையும் மட்டும் கையில் வைத்திருந்தாள்.

கரை எங்கள் பங்கில் உடைந்தது. உடைப்பு அகன்றுகொண்டே போனது. தண்ணீர் மேலேயிருந்து அக்காவின் கிணற்றுக்கு நேராக விழுந்தது. கைப்பிடிச்சுவர் போனது, துவைக்கிற கல் போனது, நிலமே தோண்டிக்கொண்டு போனது. மண்சுவர்கள் கரைந்து குடியிருப்பு சமதரையானது. ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. அதைச் சொல்லித்தான் மற்றவர்கள் ஆறுதல்பட்டார்கள். அக்கா கிணறு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் இறந்தபோது அழாத அழுகையை அன்றைக்கு அழுதாள்.

சாயங்காலத்துக்குள் கண்மாய் காலி. மேற்கே கல் வரிசை ஒரு கல்கூட அசையாமல், சேற்றுக்கு நடுவில் நின்றது. மொதலாளி பங்கில் கரைக்கு ஒரு கீறல் இல்லை. கோயில் பங்கு பத்திரம். சம்சாரிகள் பங்கு பத்திரம். தண்ணீர் மட்டும்தான் இல்லை. பொங்கலுக்குக்கூட நெல் தாங்கவில்லை. பால் பிடிக்கிற பயிர் பாளம் பாளமாக வெடித்த வயலில் காய்ந்து நின்றது. மருமகன் அப்போதும் விடவில்லை. "நம்ம கல்லு போட்ட எடத்துல ஒண்ணும் ஆகல பாத்தீகளா?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்தது எங்கள் பங்கு என்பதால் ஊரைக் கெடுத்தது நாங்கள்தான் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக இருந்தது.

உண்மையிலேயே குழி பறித்திருந்தது. கரை உடைந்து விழுந்த தண்ணீர் கிணறு இருந்த இடத்தில் குளம் மாதிரி ஒரு பெரிய பள்ளத்தை, எங்கள் பேச்சில் கிடங்கை, தோண்டிவிட்டிருந்தது. கோடை வந்தது. கண்மாய்த் தண்ணீர் இல்லாததால் ஊர்க் கிணறுகள் பங்குனியிலேயே வற்றிவிட்டன. தோண்டிப் பார்த்தால் சேறும் சவரும்தான். எங்கள் கிடங்கில் மட்டும் ஊற்று நிற்கவில்லை. கலங்கல் தெளிந்து, அடியில் மணல் தெரிய நல்ல தண்ணீர் கிடந்தது. மேட்டில் ஓலைக்கொட்டகை போட்டுக்கொண்டு நாங்கள் அதில் மொண்டு குடித்தோம்.

ஒரு நாள் ஊர்க்காரர்கள் குடத்தோடு வந்தார்கள். முதலில் வேலைக்காரர்கள் வந்தார்கள், பிறகு வீட்டுப் பெண்களே வந்தார்கள். தீட்டு என்னவாயிற்று என்று நான் ஒருவரிடம் கேட்டேன். "அது கெணறாயிருந்தப்பத்தானப்பா. இப்பக் கம்மாத் தண்ணி தோண்டுன குழி. கம்மா பொதுவில்ல?" என்றார். வெட்கம் என்கிற சமாசாரம் அந்த முகத்தில் தேடினாலும் இல்லை. அக்காவும் அத்தானும் வெட்டியவரைக்கும் தீட்டு. அதையே தண்ணீர் வெட்டினால் பொது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சித்திரை பிறந்ததும் கிடங்கு ஓரத்தில் வந்து நின்று முறை வைத்தார்கள். காலையில் மொதலாளி வீடும் கோயிலும். அடுத்தது சம்சாரிகள். எல்லாரும் எடுத்து முடித்த பிறகு, வெயில் தாழ, எங்கள் குடியிருப்பு. பழைய பங்கு அதே வரிசையில் வந்து நின்றது. மருமகன் சொல்லச் சொல்ல எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நான் பேசினால் அடிதடியாகும் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில், மொதலாளி வீட்டு முறையில், மொதலாளியே குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று மேற்பார்வை பார்த்தார். அக்கா கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் குடம். நேராகச் சரிவில் இறங்க ஆரம்பித்தாள்.

"ஏத்தா, ஒன் மொற சாயங்காலமுல்ல?" என்றார் மொதலாளி.

அக்கா நின்று திரும்பினாள். "என் கெணத்துல எனக்கு மொற வச்சுக் குடுக்க நீங்க யாருய்யா?"

"கெணறு எங்க இருக்கு? குழியில்ல கெடக்கு."

"கெணறு அடியிலதான் கெடக்கு. எம்புருசன் வெட்டுன படி ரெண்டு இன்னும் இருக்கு. எறங்கி வந்து பாருங்க."

தண்ணீருக்குள் அக்கா இடுப்பளவுக்கு இறங்கி, காலால் துழாவி, ஓர் இடத்தில் ஊன்றி நின்றாள். அந்தப் படி எனக்கு மேலிருந்து தெரியவில்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தால் கீழே கல் இருந்தது தெரிந்தது. "வாங்கய்யா, கால வச்சுப் பாருங்க" என்று மறுபடியும் கூப்பிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. குடத்தோடு வந்த பெண்கள் மொதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் போட்ட கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா குடத்தை அமுக்கி நிறைத்துக்கொண்டு ஏறி வந்தாள். கொட்டகை வாசலில் நின்று எங்கள் ஆட்களைப் பார்த்து, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? போயி மொள்ளுங்க" என்றாள். ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.